அல்சைமர் மூளையில் டௌ நார்ச்சிக்கல்களை ஆய்வகத்தில் ஆராய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதியில் வெள்ளிச் சாயம் ஏற்றிய ஒரு ஸ்லைடை 40 மடங்கு லென்ஸில் வைத்துப் பாருங்கள். பிரமிடு வடிவ நியூரான் ஒன்றுக்குள் கறுப்புச் சுடர் நிற்பதுபோல் தெரியும். அடியில் அகன்று, டென்ட்ரைட்டுக்குள் கூராக நீண்டு, உட்கருவை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு நிற்கும். அதன் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். அதே சுடர், அதே முறுக்கு. ஆனால் சுற்றிலும் செல் இல்லை, உட்கருவும் இல்லை. நியூரான் இறந்து கரைந்துவிட்டது. அதற்குள் இருந்த நார்க்கட்டு மட்டும் மிச்சம்.

புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்களிடம் முதல் நாளே இந்த இரண்டையும் ஒரே பார்வையில் காட்டிவிடுவேன். இந்த நார்க்கட்டுக்கு, அதாவது சிக்கலுக்கு, வயது உண்டு என்பது அப்போதுதான் மனதில் பதியும். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு முறையும் சிக்கலின் ஏதோ ஒரு வயதைத்தான் பிடிக்கும். எது எந்த வயதைப் பிடிக்கிறது என்று தெரியாமல் வேலையைத் தொடங்கினால், எண்ணிக்கை சரியாக வந்தாலும் முடிவு தவறாகப் போகும்.

தேடும் பொருள் என்ன

1906 நவம்பர் 3 அன்று ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அலாய்ஸ் அல்சைமர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசினார். 1901-இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் 51 வயதில் சேர்க்கப்பட்டு, 1906 ஏப்ரலில் இறந்துபோன ஆகஸ்டே டி. என்ற நோயாளி அவர். பீல்ஷோவ்ஸ்கி வெள்ளி முறையில் சாயமேற்றிப் பார்த்த அல்சைமர், முதலில் இயல்பான செல்லுக்குள் ஓரிரு நார்கள் தடித்துத் தெரிவதையும், பிறகு அவை கட்டாகச் சேர்வதையும், கடைசியில் செல் சிதைந்து அது இருந்த இடத்தில் நார்க்கட்டு மட்டும் கிடப்பதையும் வரிசையாக எழுதி வைத்தார். மூன்று வயதையும் அவர் அப்போதே பார்த்துவிட்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த நார் எதனால் ஆனது என்று தெரிய எட்டு பத்தாண்டுகள் ஆயின. 1963-இல் மைக்கேல் கிட் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு வடிவம் என்று காட்டினார். 1975-இல் நியூரானின் நுண்குழாய்களோடு ஒட்டி அவற்றை நிலைப்படுத்தும் டௌ புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போது யாரும் அதை அல்சைமரோடு இணைக்கவில்லை. 1980-களின் நடுவில்தான் முறுக்கிழைகளின் மூலப்பொருள் இந்த டௌவே என்பதும், அதில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டியிருப்பதும் தெளிவாயின.

வயது வந்தவரின் மூளையில் டௌ ஆறு வடிவங்களில் இருக்கிறது. மிகச் சிறியதில் 352 அமினோ அமிலங்கள், பெரியதில் 441. நுண்குழாயில் ஒட்டும் பகுதி மூன்று முறை திரும்பி வந்தால் 3ஆர், நான்கு முறை வந்தால் 4ஆர். அல்சைமர் சிக்கலில் இரண்டும் கலந்திருக்கும். டௌ சேரும் வேறு மூளைச் சிதைவு நோய்களில் கதை வேறு. பிக் நோயில் 3ஆர் மட்டும் மேலோங்கும். முன்னேறும் மேல்கரு வாதத்தில் (பி.எஸ்.பி) 4ஆர். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

திசு வரும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கும்

ஆய்வின் தரம் சாயத்தில் தீர்மானமாவதில்லை. இறப்புக்கும் மூளை குளிருக்குள் போவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் தீர்மானமாகிறது. அந்த மணிக்கணக்கை ஒவ்வொரு மாதிரியின் பெயரோடும் எழுதி வையுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் துறையே ஒருமுறை இதில் சறுக்கியிருக்கிறது. இறந்தவர்களின் மூளையில் இயல்பான டௌவைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது பாஸ்பேட் மிகக் குறைவாக இருந்தது. நோயாளியின் டௌவில் நிறைய இருந்தது. ஆகவே அந்த பாஸ்பேட் இடங்கள் எல்லாமே நோயின் அடையாளம் என்று கருதப்பட்டது. 1994-இல், உயிரோடிருப்பவர்களிடம் அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த திசுவை உடனே ஆராய்ந்தார்கள். அந்த இடங்கள் பலவற்றில் இயல்பான டௌவிலும் பாஸ்பேட் இருந்தது. இறந்த பிறகு சில மணி நேரத்திலேயே பாஸ்பட்டேஸ் நொதிகள் அதைக் கழற்றிவிடுகின்றன. சிக்கலுக்குள் இறுகிப்போன டௌ மட்டும் நொதிக்கு எளிதில் அகப்படாமல் தப்பிக்கிறது. நோயாளி மூளையை 4 மணி நேரத்திலும் ஒப்பீட்டு மூளையை 30 மணி நேரத்திலும் எடுத்தால், நீங்கள் அளப்பது நோயையா, தாமதத்தையா? இரண்டு குழுவுக்கும் இடைவெளி ஒத்துவராவிட்டால் அந்த ஒப்பீட்டையே தொடங்காதீர்கள்.

வழக்கமாக ஒரு அரைக்கோளம் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போகும், குறைந்தது இரண்டு வாரம். மற்ற அரைக்கோளத்தைச் சீவல்களாக வெட்டி உறைய வைத்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைப்போம். உறைந்த துண்டை ஒருமுறை உருக்கினால் அதைத் திரும்ப உறைய வைக்க நினைக்காதீர்கள். தேவையான அளவை உலர்பனிக்கட்டியின் மேல் வைத்தே வெட்டி எடுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. மனநிலை வேகமாகச் சிதைந்து சில மாதங்களிலேயே இறந்தவர் என்று குறிப்பு இருந்தால், குரோய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய் இல்லை என்று உறுதியாகும் வரை அந்த மூளையைத் தொடக்கூடாது. அந்த நோயைத் தொற்ற வைக்கும் ப்ரியான் புரதத்தை ஃபார்மலின் செயலிழக்கச் செய்யாது. இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு, இரட்டைக் கையுறை, கண்ணாடி ஊசிகளையும் கூர்முனைகளையும் முடிந்தவரை தவிர்ப்பது, இவை எல்லா மூளைத் திசுவுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. அந்தப் பெட்டியில் இருப்பது ஒரு மனிதர் விட்டுச் சென்ற கொடை. ஒரு குடும்பம், தங்கள் துயரத்தின் நடுவே, அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. ஒரு கிராம்கூட வீணாகக்கூடாது.

எந்த இடத்தை வெட்டுவது

சிக்கல்கள் மூளையில் கண்டபடி தோன்றுவதில்லை. ஹெய்கோ பிராக், ஏவா பிராக் இருவரும் 1991-இல் காட்டிய வரிசையில் அவை பரவுகின்றன. முதல் இரண்டு நிலைகளில் ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்திலுள்ள டிரான்ஸ்-என்டோரைனல், என்டோரைனல் புறணி (புறணி என்பது மூளையின் மேலடுக்கு). 3, 4 நிலைகளில் ஹிப்போகாம்பஸும் அதையொட்டிய டெம்போரல் புறணியும். 5, 6 நிலைகளில் புறணி முழுவதும்.

ஆகவே குறைந்தபட்சம் மூன்று திசுக் கட்டைகள் வேண்டும்: என்டோரைனல் புறணியோடு சேர்ந்த முன்பக்க ஹிப்போகாம்பஸ், நடு டெம்போரல் மடிப்பு, பார்வைப் புறணி. பார்வைப் புறணியை வெட்டும்போது ஜென்னாரிக் கோடு என்னும் மெல்லிய வெண்கோடு வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தக் கோடு முடியும் எல்லை உங்கள் துண்டுக்குள் வரும்படி வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே மட்டும் சிக்கல் இருந்தால் 5, கோடு உள்ள பகுதியிலும் இருந்தால் 6. எல்லை துண்டுக்குள் வராவிட்டால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. பலர் இந்தக் கட்டையை அலட்சியமாக வெட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

சாயமா, ஆன்டிபாடியா

இரண்டும் வேண்டும். ஏன் என்பதற்கு வயதுக் கணக்கே பதில்.

மிக இளம் நிலையில், அதாவது நாங்கள் ப்ரீ-டாங்கிள் என்று சொல்லும் நிலையில், பாஸ்பேட் ஏறிய டௌ செல்லின் உடலில் பொடிப்பொடியாகப் பரவியிருக்கும். நார் இன்னும் கட்டாகவில்லை. இதை ஏடி8 என்ற ஆன்டிபாடி நன்றாகக் காட்டும். டௌவின் 202-ஆம் செரினிலும் 205-ஆம் திரியோனினிலும் பாஸ்பேட் இருந்தால் அது ஒட்டும். தயோஃப்ளேவின்-எஸ் சாயமோ இதைக் காட்டாது. பீட்டா மடிப்புகளாக அடுக்கிய நாரைத்தான் அது ஒளிர வைக்கும். நடுவயதுச் சிக்கல், அதாவது முற்றிய சிக்கல், இரண்டிலும் தெரியும். கோஸ்ட் டாங்கிள் என்னும் கடைசி நிலையில் நிலைமை தலைகீழ். செல்லுக்கு வெளியே கிடக்கும் நாரின் வெளிப்பகுதிகளை நொதிகள் கடித்துத் தின்றுவிடுவதால் ஏடி8 மங்கிப்போகும். தயோஃப்ளேவினும் வெள்ளிச் சாயமும் அதைப் பிடித்துவிடும். ப்ரீ-டாங்கிளில் 4ஆர் டௌ மேலோங்கி, கோஸ்ட் டாங்கிளில் 3ஆர் மேலோங்கும் என்பதையும் ஆர்டி3, ஆர்டி4 ஆன்டிபாடிகளால் பார்க்கலாம்.

ஏடி8-ஐ மட்டும் வைத்து எண்ணினால், நோய் மிக முற்றிய சிஏ1-இல் சிக்கல் குறைந்துவிட்டதுபோல் தெரியும். உண்மையில் அங்கே நியூரான்கள் போய்விட்டன.

ஏடி8 சாயமேற்றும் வரிசை

மெழுகுக் கட்டையை 5 முதல் 8 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டி, ஒட்டும் பூச்சுள்ள ஸ்லைடில் ஏற்றுங்கள். சைலீனில் மெழுகைக் கரைத்து, ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாகக் குறைத்து நீருக்குக் கொண்டுவாருங்கள். திசுவிலேயே இருக்கும் பெராக்சிடேஸை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் அடக்குங்கள். ஆண்டுக்கணக்கில் ஃபார்மலினில் கிடந்த திசு என்றால் பி.ஹெச் 6.0 சிட்ரேட் பஃபரில் சூடாக்கி எடுப்பது கைகொடுக்கும். புதிதாகப் பதப்படுத்திய திசுவில் ஏடி8 அந்தச் சூடு இல்லாமலேயே வேலை செய்வதைப் பார்க்கலாம். உங்கள் கட்டைகளில் இரண்டு விதமாகவும் செய்து பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் முடிவு செய்த பிறகு எல்லா ஸ்லைடுக்கும் ஒரே முறைதான்.

ஆன்டிபாடியை எவ்வளவு நீர்க்கச் செய்வது என்பதையும் நீங்களேதான் சோதித்துக் கண்டறிய வேண்டும். ஒரே மூளையின் அடுத்தடுத்த வெட்டுகளில் நான்கைந்து செறிவுகளை வைத்து, பின்னணி வெளுத்து, நியூரான் கிளைகளில் டௌ சேர்ந்த மெல்லிய நூலிழைகள் வரை தெளியும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஆன்டிபாடி இரவு முழுவதும் 4 டிகிரியில். மறுநாள் இரண்டாம் ஆன்டிபாடி, பிறகு அது ஒட்டிய இடத்தைப் பழுப்பாக்கிக் காட்டும் டிஏபி என்ற வேதிப்பொருள். டிஏபி பழுப்பேறும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் நுண்ணோக்கியைப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். முதல் ஸ்லைடில் நேரத்தை முடிவு செய்துவிட்டு மற்ற அனைத்துக்கும் அதே விநாடிக் கணக்கை வைத்தால்தான் அளவிட முடியும். டிஏபி புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்பதால் கழிவைத் தனியாகச் சேர்த்துவிடுங்கள். கடைசியாக உட்கருவை நீலமாக்கும் ஹீமடாக்சிலின், மிக லேசாக. நீலம் அழுத்தினால் ப்ரீ-டாங்கிளின் மெல்லிய பழுப்பு அதில் மூழ்கிவிடும்.

ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று கட்டுப்பாட்டு ஸ்லைடுகள் வேண்டும்: சிக்கல் நிறைய உள்ளதென்று தெரிந்த மூளை, இல்லை என்று தெரிந்த மூளை, முதல் ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடு.

ஒளிர்சாயம் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. முதியவர் நியூரானில் லிபோஃபஸ்கின் என்னும் மஞ்சள் நிறமி தானாகவே ஒளிரும். செல் உடலின் ஒரு மூலையில் கொத்தாகக் கிடந்து, பார்ப்பதற்கு ப்ரீ-டாங்கிள் போலவே இருக்கும். சூடான் பிளாக் பி கொண்டு அதை அணைக்கலாம். எந்தச் சாயமும் ஏற்றாத ஸ்லைடு ஒன்றை அதே ஒளியில் பார்த்துவிட்டால் எது அசல், எது நிறமி என்பது தெரிந்துவிடும்.

எண்ணுவதும் படிப்பதும்

ஸ்லைடின் பெயரை வேறொருவர் மறைத்துக் குறியீடு ஒட்டிய பிறகே எண்ணுங்கள். செல்லுக்குள் இருக்கும் சிக்கல், நூலிழைகள், அமைலாய்டு படிவைச் சுற்றிய வீங்கிய நரம்பு முனைகள் ஆகியவற்றைத் தனித்தனி நெடுவரிசையில் எழுதுங்கள். நியூரான்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களிலும் வயது காரணமாக டௌ சேரும். கிளைத்த, முட்புதர் போன்ற தோற்றத்தால் அதை இனம் காணலாம். முதியவர் ஒருவரின் என்டோரைனல் புறணியில் சிக்கல் இருந்தாலே அவருக்கு அல்சைமர் என்று எழுதிவிடக்கூடாது. நினைவு கெடாத முதியவர்களிடமும் அது சாதாரணமாகக் காணப்படும். 2012-இல் வெளிவந்த நெறிமுறைப்படி அமைலாய்டு பரவல், பிராக் நிலை, நரம்பு முனை சூழ்ந்த படிவுகளின் அடர்த்தி ஆகிய மூன்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

சார்கோசிலில் கரையாததைப் பிரித்தெடுத்தல்

ஸ்லைடு இடத்தைக் காட்டும். பொருளைக் கையில் எடுக்க உறைந்த திசு வேண்டும். 1990-இல் கிரீன்பெர்க், டேவிஸ் இருவரும் வெளியிட்ட முறையே இன்றும் அடிப்படை.

டெம்போரல் அல்லது ஃபிரன்டல் புறணியின் சாம்பல் பகுதியை மட்டும் எடுங்கள். வெள்ளைப் பகுதி கலந்தால் மயலின் கொழுப்பு எல்லாவற்றையும் கெடுக்கும். ஒரு கிராமுக்கு 10 மி.லி. குளிர்ந்த பஃபர்: 10 மில்லிமோலார் டிரிஸ், பி.ஹெச் 7.4, 0.8 மோலார் உப்பு, 1 மில்லிமோலார் இஜிடிஏ, 10 சதவீத சுக்ரோஸ். புரதத்தைச் சிதைக்கும் நொதிகளுக்கும் பாஸ்பட்டேஸுக்கும் தடுப்பான்களை அன்றன்றைக்குச் சேருங்கள். அரைத்ததை 20,000 மடங்கு புவியீர்ப்பில் 20 நிமிடம் சுழற்றி மேல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கிழைகள் இன்னும் அந்த மேல்நீரில்தான் இருக்கின்றன. அதை வீசிவிட்டுக் கீழே படிந்ததை வைத்துக்கொள்ளும் தவறு புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும்.

மேல்நீரில் புரதங்களைக் கரைக்கும் சோப்பு போன்ற சார்கோசிலை 1 சதவீதம் சேர்த்து அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் மெதுவாக ஆட்டுங்கள். இயல்பான புரதங்கள் கரைந்துவிடும், முறுக்கிழை கரையாது. பிறகு அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் 1,00,000 மடங்கு புவியீர்ப்பில் ஒரு மணி நேரம்.

இப்போது கிடைக்கும் பெல்லட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் பொட்டாக ஏதோ தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்ணாடிபோல் நிறமில்லாமல், குழாயின் வெளிச்சுவரை ஒட்டிய ஒரு மெல்லிய படலமாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் சிறு பளபளப்பு. பல நாள் உழைப்பும் ஒரு கொடையாளரின் புறணியும் அந்தப் பளபளப்பில்தான் இருக்கின்றன. ரோட்டரில் வைக்கும் முன்பே குழாயின் வெளிப்பக்கத்தில் பேனாவால் குறியிடுங்கள். மேல்நீரை எதிர்ச்சுவர் பக்கமாக, பிப்பெட் முனை படலத்தைத் தொடாமல் உறிஞ்சுங்கள். ஒரு கிராம் திசுவுக்கு 50 முதல் 100 மைக்ரோலிட்டர் டிரிஸ் பஃபரில் கலக்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போகும் பங்கை அல்ட்ராசானிக் கருவியில் அடிக்காதீர்கள், இழைகள் துண்டாகிவிடும்.

வெஸ்டர்ன் பிளாட்

புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் இனம் காணும் முறை இது. 10 சதவீத ஜெல்லில் ஓட்டி ஏடி8 அல்லது பாஸ்பேட் ஏறிய டௌவைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியான பி.ஹெச்.எஃப்-1 கொண்டு பாருங்கள். அல்சைமர் மாதிரியில் 60, 64, 68 கிலோடால்டன் அளவில் மூன்று பட்டைகள் வரும். அவற்றுக்குச் சற்று மேலே மங்கலாக நான்காவதும், அதற்கும் மேலே புகைபோன்ற தடமும் தெரியும். இயல்பான மூளையில் இந்தப் பகுதியில் ஒன்றும் இருக்காது.

மெம்பரேனைப் பால்பொடிக் கரைசலில் மூடாதீர்கள். பாலின் கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம். பாஸ்பேட்டைத் தேடும் ஆன்டிபாடிக்கு அது இடைஞ்சல். மாட்டு சீரம் அல்புமின் போதும். கரையாத பகுதிக்கு ஆக்டினை ஒப்பீடாக வைப்பதும் பொருளற்றது, அது கரைந்து போய்விட்ட புரதம். தொடக்கத்தில் எடுத்த திசுவின் எடையை வைத்துச் சமப்படுத்துங்கள். சுண்டெலி மாதிரி என்றால், அதன் சொந்த ஆன்டிபாடியின் கன சங்கிலி (பெரிய துண்டு) தரும் 50 கிலோடால்டன் பட்டை டௌவின் இடத்திலேயே வந்து ஏமாற்றும். கன சங்கிலியைப் பிடிக்காத இரண்டாம் ஆன்டிபாடியைப் பயன்படுத்துங்கள்.

இழையின் உருவம்

ஒரு துளியைக் கார்பன் பூசிய செப்பு வலையில் வைத்து 2 சதவீத யுரேனைல் அசிட்டேட்டில் சாயமேற்றினால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முறுக்கு தெரியும். ஏறக்குறைய 80 நானோமீட்டருக்கு ஒருமுறை இழை குறுகி மீண்டும் அகலும். முறுக்கு தெரியாத நேர் இழைகளும் குறைந்த அளவில் கலந்திருக்கும்.

இதற்குமேல் போக கிரையோ-எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். 2017-இல் கேம்பிரிட்ஜில் உள்ள எம்.ஆர்.சி மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் மிஷெல் கோடர்ட், ஷோர்ஸ் ஷேரஸ் குழுவினர் ஒரே நோயாளியின் மூளையிலிருந்து பிரித்த இழைகளை ஏறக்குறைய 3.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் காட்டினார்கள். இழையின் மையத்தில் 306 முதல் 378 வரையுள்ள அமினோ அமிலங்கள் ஆங்கில சி எழுத்துபோல் மடிந்து அடுக்கியிருக்கின்றன. முறுக்கிழையிலும் நேர் இழையிலும் இந்த மடிப்பு ஒன்றேதான். இரண்டு மடிப்புகள் ஒட்டும் இடம் மட்டும் வேறு. அடுத்த ஆண்டே பிக் நோயின் டௌ வேறு விதமாக மடிந்திருப்பது தெரியவந்தது. ஒரே புரதம், நோய்க்கு ஒரு மடிப்பு.

மேலே சொன்ன ஏடி8-இன் இடம் 202, 205. அது இந்த மையத்துக்கு வெளியே, இழையைச் சுற்றிய தளர்வான பஞ்சுப் பகுதியில் இருக்கிறது. கோஸ்ட் டாங்கிளில் நொதிகள் தின்றுவிடுவது அந்தப் பஞ்சைத்தான். ஸ்லைடில் ஏடி8 மங்கி, தயோஃப்ளேவின் பளிச்சிட்டதற்கான காரணம் இங்கே அணு அளவில் கிடைக்கிறது.

விதைக்கும் திறன்

ஒரு மாதிரியில் டௌ எவ்வளவு இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது பக்கத்து டௌவைத் தன்னைப்போல் மடிய வைக்குமா என்பது வேறு கேள்வி. இதற்கு ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெச்.இ.கே 293 என்ற மனிதச் செல்களில் டௌவின் ஒட்டும் பகுதியை, பி301எஸ் திடீர்மாற்றத்தோடு, இரண்டு ஒளிர்புரதங்களோடு இணைத்து வைத்திருப்பார்கள். மூளைச் சாறு உள்ளே போய் டௌவைத் திரளச் செய்தால் இரண்டு ஒளிர்புரதங்களும் நெருங்கி, ஒன்றின் ஆற்றல் மற்றதற்குத் தாவும். செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் எத்தனை சதவீத செல்களில் அது நடந்தது என்று எண்ணலாம்.

இங்கே சார்கோசில் மிச்சம் இருந்தால் செல்கள் செத்துவிடும். டிரிஸ் உப்புநீரில் மட்டும் அரைத்த சாறே பாதுகாப்பு. அதே சாற்றிலிருந்து டௌவை ஆன்டிபாடியால் நீக்கிவிட்டு மீண்டும் சோதியுங்கள். விதைப்பு நின்றுபோனால்தான் அது டௌவின் வேலை.

சிக்கல் ஸ்லைடில் கண்ணுக்குத் தெரியாத பகுதிகளிலும் இந்தச் சோதனை சில நேரம் ஒளிரும். ப்ரீ-டாங்கிளுக்கும் முந்தைய வயது அது. அப்படி ஒரு முடிவு வந்தால், சாறு எடுத்த உறைந்த துண்டுக்கு நேர் எதிர் அரைக்கோளத்தில் இருக்கும் ஃபார்மலின் கட்டையைத் தேடி எடுத்து, ஏடி8, தயோஃப்ளேவின், ஆர்டி4 மூன்றையும் அடுத்தடுத்த வெட்டுகளில் ஏற்றிப் பாருங்கள். அதற்காகத்தான் முதல் நாளே இரண்டு பாதிக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து வைக்கிறோம்.